சேலை விலையில் சாயத் தண்ணீரின் பங்கு

காஞ்சிபுரம் காந்தி சாலையில் ஒரு முகூர்த்தப் பட்டின் விலை எப்படித் தீர்மானமாகிறது என்று கேட்டால், அனுபவமுள்ள கடைக்காரர் விரல் விட்டு எண்ணிச் சொல்லிவிடுவார். கர்நாடகத்திலிருந்து வரும் கச்சாப் பட்டு, ஜரிகையில் இருக்கும் வெள்ளி, அதன்மேல் பூசிய பொன், சாயக்கூலி, நெசவுக்கூலி, கடைச் செலவு, லாபம், கடைசியாக ஐந்து சதவீத ஜிஎஸ்டி. உலகச் சந்தையில் வெள்ளி ஏறினால், பிள்ளையார்பாளையத்துத் தறியில் இன்னும் அறுக்காமல் இருக்கும் சேலையின் விலையும் ஏறிவிடுகிறது. ஜரிகையில் பொன் எத்தனை, வெள்ளி எத்தனை என்று சதவீதத்தில் சொல்லும் கருவிகள் ஊரிலேயே இருக்கின்றன. பணம் சம்பந்தப்பட்ட இடத்தில் சந்தையின் கண்ணுக்கு எதுவும் தப்புவதில்லை.

சாயப்பட்டறையிலிருந்து வெளியேறும் தண்ணீர் மட்டும் அந்தப் பட்டியலில் இல்லை.

கச்சாப் பட்டு நூல் அப்படியே சாயம் ஏற்காது. புழு சுரந்த பசை அதன்மேல் ஒட்டியிருக்கும். சோப்பும் சோடாவும் கலந்த கொதிநீரில் வேகவைத்து அந்தப் பசையை எடுக்க வேண்டும். ஒரு கிலோ கச்சாப் பட்டை வேகவைத்தால் கால் கிலோ வரை எடை குறைந்துவிடும். அந்தக் கால் கிலோ பசையும் சோப்பும் சோடாவும் தண்ணீரோடு போகின்றன. பிறகு அலசல், சாயத் தொட்டி, மறுபடி அலசல். நூல் ஏற்காத சாயமும் அமிலமும் அதே வழியில் போகின்றன. நகரின் நடுவே ஓடும் மஞ்சள் நீர்க் கால்வாய் பட்டறைக் கழிவையும் வீட்டுச் சாக்கடையையும் சுமந்துகொண்டு நத்தப்பேட்டை ஏரிக்குப் போய்ச் சேருகிறது. இன்னொரு பங்கை வாங்கிக்கொள்வது வேகவதி ஆறு.

பிரம்மாவின் வேள்வியைக் கலைக்கப் பெருவெள்ளமாகப் பாய்ந்து வந்த வேகவதியைத் தடுக்க, திருமாலே குறுக்கே அணையாகப் படுத்தார் என்று திருவெஃகாவின் தலபுராணம் சொல்கிறது. கடவுளே குறுக்கே படுத்துத் தடுக்க வேண்டியிருந்த அந்த ஆறு இன்று பெரும்பாலான மாதங்களில் கழிவுநீர் ஓடும் தடமாகக் கிடக்கிறது. அது திருமுக்கூடலில் பாலாற்றோடும் செய்யாற்றோடும் கலக்கிறது.

சுற்றுச்சூழல் பேரழிவு நேர்ந்தால் சந்தை தானே பாடம் கற்றுக்கொள்ளும், மாசுபடுத்துகிறவனை முதலீட்டாளர்களும் வாடிக்கையாளர்களும் தண்டித்துவிடுவார்கள் என்ற நம்பிக்கை பொருளாதாரப் பேச்சில் அடிக்கடி கேட்கிறது. கடந்த நாற்பது ஆண்டுகளின் பெரிய விபத்துகளைப் பார்த்தால் அந்த நம்பிக்கைக்கு ஆதாரம் குறைவு. சந்தை பேரழிவைக் கவனிக்கத்தான் செய்கிறது. ஆனால் அது அளந்து பார்ப்பது எத்தனை பேர் செத்தார்கள், எந்த ஆறு கெட்டது என்பதை அல்ல. யார் எவ்வளவு கட்ட வேண்டிவரும் என்பதைத்தான்.

போபாலை எடுத்துக்கொள்வோம். 1984 டிசம்பர் 2 நள்ளிரவு யூனியன் கார்பைடு ஆலையிலிருந்து விஷவாயு கசிந்தது. அரசுக் கணக்கிலேயே ஐயாயிரத்துக்கு மேற்பட்டோர் இறந்தார்கள். செய்தி வந்ததும் நியூயார்க்கில் அந்த நிறுவனத்தின் பங்கு சரிந்தது உண்மை. ஆனால் 1989 பிப்ரவரி 14 அன்று 47 கோடி டாலருக்கு வழக்கு முடிந்தது என்று அறிவிப்பு வந்தபோது அதே பங்கு ஏறியது. 1988ஆம் ஆண்டுக்கான நிறுவனத்தின் அறிக்கை பங்கு ஒன்றுக்கு 4.88 டாலர் லாபம் காட்டியது. போபால் வழக்கைத் தீர்க்க ஆன செலவு பங்கு ஒன்றுக்கு 43 சென்ட் என்றும், அதையும் கழித்த பிறகே இந்த லாபம் என்றும் அந்த அறிக்கையே சொன்னது. நிறுவனத்தின் 71 ஆண்டு வரலாற்றில் அதுவே மிகச் சிறந்த ஆண்டாம். ஒரு நகரத்தின் நுரையீரலுக்குச் சந்தை போட்ட விலை 43 சென்ட்.

இதன் பக்கத்தில் 2010 ஏப்ரல் 20 அன்று மெக்சிகோ வளைகுடாவில் நடந்ததை வைத்துப் பார்க்க வேண்டும். பி.பி. நிறுவனத்துக்காக எண்ணெய்க் கிணறு தோண்டிய மேடை வெடித்து 11 தொழிலாளர்கள் இறந்தார்கள். பல வாரங்கள் எண்ணெய் கடலில் கொட்டியது. இரண்டே மாதத்தில் பி.பி. பங்கின் மதிப்பில் பாதிக்கு மேல் போய்விட்டது. நிறுவனம் இதுவரை ஏற்ற செலவு 6,500 கோடி டாலருக்கும் அதிகம். போபாலைவிட அமெரிக்கக் கடற்கரையில் சந்தைக்கு மனசாட்சி கூடுதலாக இருந்தது என்று இதற்கு அர்த்தமில்லை. 1989இல் எக்சான் வால்டெஸ் கப்பல் அலாஸ்காவில் எண்ணெய் கொட்டிய மறு ஆண்டே அமெரிக்கா எண்ணெய் மாசுக்கென்று தனிச் சட்டம் போட்டிருந்தது. வழக்கும் அபராதமும் நிச்சயம் வரும் என்று முதலீட்டாளர்களுக்குத் தெரிந்திருந்தது. போபாலில் அந்த நிச்சயம் இல்லை. சட்டம் எங்கே உறுதியாக நின்றதோ, அங்கே விலை நகர்ந்தது.

காஞ்சிபுரத்துக்காரர்கள் இதைப் புரிந்துகொள்ள மெக்சிகோ வரை போக வேண்டியதில்லை. பாலாற்றில் கொஞ்சம் மேலே போனால் போதும். வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டை. நாட்டின் தோல் ஏற்றுமதியில் பெரும்பங்கு அந்தக் கரைகளிலிருந்து போனது. ஒரு கிலோ தோலைப் பதப்படுத்தச் சராசரியாக 35 லிட்டர் தண்ணீர் என்றும், குரோமியப் பதனிடுதலில் சுமார் 170 வகை ரசாயனங்கள் என்றும் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு பதிவு செய்திருக்கிறது. ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுதாகவோ பாழானதாகத் தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகத்தின் ஆய்வு மையம் கண்டறிந்ததும் அதே தீர்ப்பில் இருக்கிறது.

அந்தத் தீர்ப்புக்கான வழக்கை வேலூர் குடிமக்கள் நல மன்றம் 1991இல் போட்டது. 1996 ஆகஸ்ட் 28 அன்று நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு, மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கொள்கை இந்த நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று அறிவித்தது. இந்தியா முழுவதும் சட்டக் கல்லூரிகளில் இன்றும் படிக்கப்படும் தீர்ப்பு அது. அதன் வழியே அமைந்த இழப்பீட்டு ஆணையம் 2001இல் 29,193 பேரைப் பாதிக்கப்பட்டவர்கள் என்று அடையாளம் கண்டு, 547 தோல் ஆலைகள் 26.82 கோடி ரூபாய் தர வேண்டும் என்றது. வகுத்துப் பார்த்தால் ஒருவருக்கு ஒன்பதாயிரத்துச் சொச்சம் ரூபாய். கிணறு போனதற்கு, நிலம் போனதற்கு, ஆண்டுக்கணக்கில் குடிதண்ணீரை விலைக்கு வாங்கியதற்கு ஒன்பதாயிரம்! அதுகூட எல்லோர் கைக்கும் ஒழுங்காகப் போய்ச் சேரவில்லை. 2025 ஜனவரி 30 அன்று உச்ச நீதிமன்றம் மறுபடி தலையிட்டு, பாக்கி இழப்பீட்டை மாநில அரசு கொடுத்துவிட்டு மாசுபடுத்தியவர்களிடம் வசூலிக்க வேண்டும் என்றும், ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையில் கண்காணிப்புக் குழு வேண்டும் என்றும் உத்தரவிட வேண்டியிருந்தது. வழக்குப் போட்டு முப்பத்து மூன்று ஆண்டுகள் கழித்து! இடையில் 2015 ஜனவரியில் ராணிப்பேட்டை சிப்காட் தொழிற்பேட்டையில் தோல் கழிவுச் சேற்றுத் தொட்டியின் சுவர் இடிந்து, தூங்கிக்கொண்டிருந்த பத்துத் தொழிலாளர்கள் இறந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள்.

அதே தோல் தொழில் இன்னொரு கட்டளைக்கு எவ்வளவு வேகமாகப் பணிந்தது என்பதையும் சொல்ல வேண்டும். 1980களின் இறுதியில், பதப்படுத்தப் பயன்பட்ட பென்டாகுளோரோபீனால் என்ற ரசாயனம் கலந்த தோல் பொருள்களை ஜெர்மனி தடை செய்தது. ஆலைகள் சில ஆண்டுகளுக்குள் மாற்று ரசாயனத்துக்குப் போயின. 1994இல் புற்றுநோய்க்குக் காரணமாகும் பொருள்களை வெளிவிடும் அசோ சாயங்களுக்கு ஜெர்மனி தடை விதித்தபோதும் அதுவே நடந்தது. 1997இல் இந்திய அரசும் அந்த வகையில் எழுபது சாயங்களைக் கையாளத் தடை போட்டது. ஐரோப்பிய வாடிக்கையாளரின் தோலில் படும் ரசாயனம் என்றால் சில ஆண்டுகளில் தீர்வு. ஆற்றங்கரை விவசாயியின் கிணற்றில் இறங்கும் ரசாயனம் என்றால் ஒரு தலைமுறை போதவில்லை. வாங்குகிறவர் மறுத்தால் பட்டறை மாறுகிறது. குடிக்கிறவர் மறுத்தால் நீதிமன்றத்தில் வாய்தா விழுகிறது.

பாலாற்றில் மேலே நடப்பது காஞ்சிபுரத்துக்கு அந்நியமல்ல. ஓரிக்கையில் ஆற்று மணலுக்குள் இறக்கிய கிணறுகளிலிருந்து இந்த நகரம் குடிதண்ணீர் எடுக்கிறது. மேலே இருப்பவர்கள் கட்டாத செலவை ஏற்கும் ஊர் இது. தன் பங்குக்கு வேகவதி வழியாகக் கீழே இருப்பவர்கள் மேல் இறக்கிவைக்கும் ஊரும் இதுதான். தோல் ஆலைகளைக் குற்றம் சொல்லும் நியாயம் பட்டு நகரத்துக்கு முழுதாகக் கிடைக்க வேண்டுமானால், தன் சாயத் தண்ணீருக்குத் தானே வழி செய்ய வேண்டும்.

உடனே எல்லோருக்கும் தோன்றும் வழி பட்டறைகளுக்குப் பூட்டுப் போடுவது. அந்த வழி எங்கே கொண்டுபோய் விடும் என்பதைத் திருப்பூர் காட்டியிருக்கிறது. நொய்யல் ஆற்றின் குறுக்கே பாசனத்துக்காகக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவின் தேக்கமாகிப்போனது. ஆயக்கட்டு விவசாயிகள் வழக்குப் போட்டார்கள். 2007 ஜனவரி முதல், வெளியேற்றும் ஒவ்வொரு லிட்டருக்கும் 6 பைசா அபராதம் என்று தொடங்கி, மாதத்துக்கு மாதம் கூட்டியது உயர் நீதிமன்றம். கழிவை அளந்து, லிட்டருக்கு விலை போட்ட அரிய உத்தரவு அது. அப்படியும் ஓட்டம் நிற்கவில்லை. 2011 ஜனவரி 28 அன்று, எழுநூறுக்கு மேற்பட்ட சாய ஆலைகளையும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களையும் மூட உத்தரவு வந்தது. பின்னலாடை ஆர்டர்கள் மட்டும் நிற்கவில்லை. துணி லாரியில் ஏறி ஈரோட்டுக்கும் சேலத்துக்கும் வெளி மாநிலங்களுக்கும் சாயம் ஏறப் போனது. மாசு திருப்பூரை விட்டு இன்னோர் ஊருக்குக் குடிபெயர்ந்தது. கடைசியில் மாநில அரசு 200 கோடி ரூபாய் வட்டியில்லாக் கடன் கொடுத்து, சொட்டுக் கழிவும் வெளியே விடாத சுத்திகரிப்புக்குப் பொது நிலையங்களை நகர்த்திய பிறகுதான் தொழில் மீண்டும் எழுந்தது. இன்று அதே திருப்பூர், தண்ணீரைத் திரும்பப் பயன்படுத்துவதைச் சொல்லியே வெளிநாட்டு ஆர்டர்களைப் பிடிக்கிறது.

அந்த வழியை அப்படியே காஞ்சிபுரத்துக்குக் கொண்டுவர முடியாது. திருப்பூரில் பெரிய ஏற்றுமதியாளர்கள் இருந்தார்கள்; அவர்களால் கடனைத் தாங்க முடிந்தது. இங்கே சாயப்பட்டறை என்பது பெரும்பாலும் வீட்டின் பின்கட்டில் இரண்டு மூன்று தொட்டிகளும் ஓர் அடுப்பும். சாயக்காரருக்குக் கிடைப்பது கிலோக் கணக்கில் கூலி. சேலையின் கடை விலை ஐம்பதாயிரமானாலும் அவர் கூலி மாறாது. நெசவாளர் நிலையும் அதேதான். மழைக்காலத்தில் குழித்தறியில் தண்ணீர் ஊறி வேலை நின்றால், அறுக்காத சேலைக்குக் கூலி கிடையாது. பேரிடரோ மாசுக்கான அபராதமோ, எது வந்தாலும் சந்தை அதைக் கீழே தள்ளி, பேரம் பேச வலுவில்லாதவர் தலையில் வைத்துவிடுகிறது. அவரிடம் போய்ச் சுத்திகரிப்பு இயந்திரம் வைக்கச் சொன்னால் நடக்காது. சீல் வைத்தால் வேலை இரவுக்கு மாறும், அல்லது பக்கத்துக் கிராமத்துக்கு மாறும்.

மேலிருந்து வரும் கணக்கு விதிகளும் இவர்களைத் தொடுவதில்லை. பங்குச்சந்தையில் பட்டியலிட்ட முதல் ஆயிரம் நிறுவனங்கள் 2022-23 முதல் தங்கள் சுற்றுச்சூழல் கணக்கை வெளியிட வேண்டும் என்று பங்குச்சந்தை ஒழுங்குமுறை வாரியமான செபி கட்டாயமாக்கியது. நல்ல விதி. காஞ்சிப் பட்டின் பெயரில் கடைகள் நடத்தும் சாய் சில்க்ஸ் (கலாமந்திர்) போன்ற நிறுவனங்கள்கூட 2023இல் பங்குச்சந்தைக்கு வந்துவிட்டன. ஆனால் சரக்குத் தருபவர்களின் கணக்கு என்று வரும்போது, மொத்தக் கொள்முதலில் இரண்டு சதவீதத்துக்குக் குறையாமல் பங்குள்ளவர்களைத்தான் செபி பார்க்கச் சொல்கிறது. அதுவும் பெரிய நிறுவனங்களுக்கு, அதுவும் விருப்பப்பட்டால். பின்கட்டுச் சாயக்காரர் எந்த நிறுவனத்தின் கொள்முதலிலும் இரண்டு சதவீதம் ஆகப்போவதில்லை. அவர் பட்டறையின் தண்ணீர் எந்த அறிக்கையிலும் வராது.

ஆகவே செலவை எங்கே ஏற்றுவது என்பதுதான் முக்கியமான கேள்வி. கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு சேலைக்கு அரைக் கிலோ முதல் முக்கால் கிலோ வரை பட்டு. கிலோவுக்கு இருபது, முப்பது லிட்டர் பிடிக்கும் தொட்டியில் வேகவைப்பு, அலசல், சாயம், மறு அலசல்கள் என்று ஐந்து தண்ணீர் மாற்றினாலும் கிலோவுக்கு 150 லிட்டருக்குள் அடங்கும். சேலைக்குச் சுமார் நூறு லிட்டர் என்று கொள்வோம். சிறு நிலையத்தில் சுத்தம் செய்ய லிட்டருக்கு ஒரு ரூபாய் ஆகும் என்று தாராளமாக வைத்துக்கொண்டாலும், சேலைக்கு நூறு ரூபாய். பதினைந்தாயிரம் ரூபாய்ப் பட்டில் இது ஒரு சதவீதம்கூட இல்லை. கடைப் பெயர் அச்சிட்ட பெட்டிக்கும் பைக்கும் ஆகும் செலவோடு சேர்த்து மறந்துவிடக்கூடிய தொகை. அதே நூறு ரூபாயைச் சாயக்காரரின் கூலியில் பிடித்தால் அவர் அடுப்பு அணைந்துவிடும்.

இந்த நூறு ரூபாயைக் கடை பில்லில் வசூலிக்க வேண்டும். ஜிஎஸ்டி பிடிக்கும் அதே இடத்தில், தனி வரியாக, வாங்குகிறவர் கண்ணில் படும்படி. அந்தப் பணம் பொதுச் சாயக்கூடங்களையும் அவற்றோடு இணைந்த சுத்திகரிப்பு நிலையத்தையும் நடத்தப் போக வேண்டும். கட்டுமானச் செலவை, திருப்பூருக்குச் செய்ததுபோல அரசு ஏற்க வேண்டும். கூலியும் தொழிலும் சாயக்காரரிடமே இருக்கட்டும். தொட்டி மட்டும் பின்கட்டிலிருந்து பொதுக்கூடத்துக்கு மாறட்டும்.

இதற்கு மூன்று மறுப்புகள் வரும். விசைத்தறிச் சேலையைக் காஞ்சிப் பட்டென்று விற்கும் இந்தச் சந்தையில், அசலின் விலையை இன்னும் ஏற்றலாமா என்பது முதல் மறுப்பு. நியாயமான கவலை. ஆனால் அசலைக் காப்பாற்றியது எப்போதும் விதிதான்; மலிவு விலை அல்ல. கைத்தறிக்கான ரகங்களை ஒதுக்கிய 1985ஆம் ஆண்டுச் சட்டம், 2004இல் வந்த சில்க் மார்க், அடுத்த ஆண்டு கிடைத்த புவிசார் குறியீடு ஆகியவற்றின் தோளில்தான் காஞ்சிப் பட்டு இன்று நிற்கிறது. பட்டு அசல் என்று சில்க் மார்க் சொல்கிறது, ஊர் அசல் என்று புவிசார் குறியீடு சொல்கிறது. சாயத் தண்ணீர் சுத்தம் செய்யப்பட்டது என்ற மூன்றாவது உறுதி சேர்ந்தால், அதைப் போலிச் சேலையால் காட்ட முடியாது.

கால்வாயில் ஓடுவதில் பெரும்பகுதி நகரத்துச் சாக்கடைதானே, பட்டறையை மட்டும் ஏன் பிடிக்க வேண்டும் என்பது இரண்டாவது. சாக்கடை மாநகராட்சியின் பொறுப்பு. அதை அவர்கள் செய்தே ஆக வேண்டும். ஆனால் சாக்கடைக்கான சுத்திகரிப்பு சாயத்தையும் உலோகம் கலந்த கழிவையும் நன்றாகப் பிரித்தெடுக்காது. இரண்டும் கலந்து ஓடினால் இரண்டையும் சுத்தம் செய்வது கடினம். பட்டறைத் தண்ணீரைத் தனியே பிரித்தால் மாநகராட்சியின் வேலையும் எளிதாகும்.

மூன்றாவது, வியாபாரிகள் இதற்குச் சம்மதிப்பார்களா என்பது. எல்லோரும் ஒரே நாளில் சம்மதிக்க வேண்டியதில்லை. இந்த நகரின் பட்டுச் சந்தையில் அரசுக்கு ஏற்கெனவே ஒரு பெரிய கை இருக்கிறது. முருகன், அறிஞர் அண்ணா போன்ற பட்டுக் கூட்டுறவுச் சங்கங்கள் கைத்தறித் துறையின் மேற்பார்வையில் நடக்கின்றன. 1935இல் தொடங்கிய கோ-ஆப்டெக்ஸ் அவற்றின் சேலைகளை வாங்கி மாநிலம் முழுவதும் விற்கிறது. தீபாவளிக்கு அங்கே கிடைக்கும் தள்ளுபடிக்காக மக்கள் காத்திருந்து வாங்குகிறார்கள். சங்கங்கள் தங்கள் நூலைப் பொதுச் சாயக்கூடத்தில் மட்டுமே சாயமேற்றத் தொடங்கினால், கூடத்தை நடத்தப் போதுமான வேலை முதல் நாளே கிடைத்துவிடும். தனியார் கடைகள் பிறகு வரட்டும். பில்லில் அந்த வரி இருக்கிறதா என்று நாலு கல்யாண வீட்டுக்காரர்கள் கேட்கத் தொடங்கினால் அவர்களும் வருவார்கள். ஜெர்மானிய வாடிக்கையாளர் கேட்ட கேள்விக்குத் தோல் ஆலைகள் எவ்வளவு சீக்கிரம் பதில் சொல்லின என்பது தெரிந்ததுதான்.

பொதுச் சாயக்கூடத்துச் சீட்டு உள்ள சேலைக்கே அரசின் தள்ளுபடி மானியம் கிடைக்கும் என்று ஒரு நிபந்தனை வைத்தால் தொடக்கம் போட்டுவிடலாம். கூடம் கட்டி முடிக்கும் வரை இரண்டு மூன்று ஆண்டு அவகாசம் கொடுக்கலாம். அதற்குப் புதிய சட்டம் தேவையில்லை. தள்ளுபடிக்காகக் கைத்தறித் துறை போடும் ஆணையில் ஒரு பத்தி சேர்த்தால் போதும்.